டிஸ்க்கின் மேல் இருந்த சந்தனப் பொட்டு

தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும்,

போன வாரம் நான் நம் ரிப்பேர் கடைப்பக்கம் வந்தபோது என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, செத்துப்போன டிஸ்க்கிலிருந்து எப்படி எல்லாத்தையும் எடுத்தீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இப்போது ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஸ்க்ரூவின் தலை எது, என் கட்டைவிரல் நகம் எது என்று தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு என்ன சொல்லித்தருவது? அன்றைக்குக் கோப்பியைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறதே என்று தோன்றியது. ஒரு பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைச் சரி செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்கு நான் செய்த அநியாயம் அது. நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஜார்ஜ் டவுனில் எனக்கு இருந்த பெயரே அதுதான். 'திட்டிக்கொண்டே செய்வான், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும்' என்பார்கள். விசைப்பலகையில் மைலோ பானத்தைக் கொட்டிக்கொண்டு வருகிறவரிடம், "இதுக்குப் பசி எடுக்குதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்பேன். அவரும் சிரிப்பார், கடையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். நாளாக ஆக, மெஷினைத் திறந்ததும் யாரையாவது நாலு வார்த்தை கேட்காவிட்டால் வேலையே தொடங்காதது போல ஆகிவிட்டது. அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன்.

சூலியா ஸ்திரீட் பக்கம் ஒரு சந்தில் ரோசலின் அக்கா எம்பிராய்டரி கடை வைத்திருந்தார். பள்ளிச் சட்டைகளில் பெயரும் பள்ளிச் சின்னமும் தைத்துக் கொடுப்பதுதான் முக்கியமான தொழில். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளி எல்லாச் சின்னமும் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் ஊசி இறங்கும், எந்த நூல் எப்போது மாறும் என்று அவரே கம்ப்யூட்டரில் வரைந்து சேர்த்து வைத்திருந்தார். தையல் மெஷின் பழசு. அது பேசும் மொழி புதுக் கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதனால் அதைவிடப் பழசான ஒரு டெஸ்க்டாப்பைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து உள்ளே அடைந்துகிடக்கும் நூல் தூசியை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அந்தக் கடையில் லெட்சுமி என்று ஒருவர் வேலை செய்தார். சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் மாறி, ஃபெரி ஏறி வருவார். கணவர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மெஷினுக்கு நூல் கோர்ப்பது, துணி மாட்டுவது, கம்ப்யூட்டரில் சின்னத்தைத் தேடி அனுப்புவது எல்லாம் லெட்சுமிதான். ரோசலின் அக்கா வரைவார், கணக்குப் பார்ப்பார், வாடிக்கையாளரிடம் பேசுவார். மற்றபடி கடை ஓடியது லெட்சுமியின் கையில்.

ரோசலின் அக்கா கிறிஸ்தவர். ஆனால் ஆயுத பூசை வந்தால் கடையில் பூசை உண்டு. லெட்சுமி எல்லாவற்றையும் துடைத்துத் தையல் மெஷினுக்கும் கத்தரிக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ரோசலின் அக்கா பொரி கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, சுண்டல் எப்போது வரும் என்று காத்திருப்பார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு ஒட்டுதல் இருந்தது. அதையும் நான்தான் கெடுத்தேன்.

ஒரு டிசம்பர் மாதம், பள்ளி திறப்பதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ரோசலின் அக்கா போன் செய்தார்.

"அண்ணே, கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிருச்சி. உள்ள டக் டக்குன்னு சத்தம் வருது. ஸ்கிரீன்ல ஒண்ணும் வர மாட்டேங்குது. கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணே, கடை நெறைய ஆளு."

போனேன். கடை வாசலில் காக்கி லீமா நடைபாதை முழுவதும் அம்மாக்களும் பிள்ளைகளும். சட்டை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்த ஒரு பருவத்தில் வருகிற வருமானத்தில்தான் கடை மற்ற மாதங்களில் மூச்சு விடும். சின்னங்கள் போய்விட்டால் அத்தனை சட்டையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ரோசலின் அக்காவின் முகம் வெளுத்துப்போய் இருந்தது. லெட்சுமி ஒரு ஓரமாக, கையில் நூல்கண்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூவை எடுத்து டிஸ்க்கை அதன் கூண்டிலிருந்து உருவினேன். பளபளவென்று இருந்த அதன் மேல் முகத்தில், நடுவில் குங்குமம் வைத்த சந்தனப் பொட்டு ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் எங்கே? டிஸ்க் காற்று வாங்கும் சின்னத் துளைக்கு மேல். அந்தத் துளையை மூடாதீர்கள் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்தின் மேல் பாதி, துளையின் மேல் மீதி என்று பொட்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கு அப்போது வந்தது கோபம் என்று சொன்னால் அது பொய். வந்தது சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது, கடை நிறைய ஆட்களும் இருக்கிறார்கள்.

டிஸ்க்கை உயர்த்திப் பிடித்து, "அக்கா, இது யாரு வச்சது?" என்றேன்.

"என்னண்ணே அது?"

"சந்தனம். குங்குமம். டிஸ்க்கு மூச்சு விடுற ஓட்டையப் பாத்து அடச்சி வச்சிருக்கு. ஈரம் உள்ள எறங்கினா அது எப்படிப் பொழைக்கும்? இது என்ன அம்மன் சிலையா லா, அபிஷேகம் பண்ண?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரோசலின் அக்கா லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வெளியதான்ணே வச்சேன்" என்றார் லெட்சுமி. "மூடி மேல மட்டுந்தான். உள்ள எல்லாம் நான் தொடவே மாட்டேன்."

"அப்போ சந்தனம் தானா நடந்து உள்ள போச்சா?"

இந்தத் தடவை நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளையின் சட்டையுடன் வரிசையில் நின்ற ஒரு மலாய்க்காரப் பெண்மணி என்னவென்று கேட்டார். அவருக்கும் புரியட்டும் என்று மலாயில் ஒரு தடவை முழுவதும் சொன்னேன். அவர் லெட்சுமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாக உடம்பு கூசுகிறது. தமிழில் சொன்னதையாவது வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். மொழிபெயர்த்து வேறு சொன்னேனே, அதற்கு என்ன சொல்வது?

லெட்சுமி கையிலிருந்த நூல்கண்டை மேசையில் வைத்தார். தன் வலது கையை விரித்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசலின் அக்கா அவரிடம் மெதுவாக, "நீ இன்னிக்கி வீட்டுக்குப் போ லெட்சுமி. நான் கூப்புடுறேன்" என்றார். அந்த 'கூப்புடுறேன்' என்ன வகை என்று நம் ஊரில் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். லெட்சுமி பையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. நான் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விலகி வழிவிடக்கூட இல்லை.

டிஸ்க்கையும் பெட்டியையும் என் கடைக்குக் கொண்டுவந்து, டிஸ்க்கின் உயிருக்குப் போராடியதை எல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பிடித்த பகுதி அதுதான் என்று தெரியும். கொஞ்சம் படிக்கும், நின்றுவிடும், ஆறவிட வேண்டும், மறுபடி கெஞ்ச வேண்டும். மூன்றாம் நாள் ஏறக்குறைய எல்லாச் சின்னமும் வந்துவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோசலின் அக்காவுக்குப் போன் செய்து, "ஒங்க சாமியோ எங்க சாமியோ, யாரோ காப்பாத்திட்டாங்க" என்று ஜோக் வேறு அடித்தேன்.

அன்று பிற்பகல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்த உட்கார்ந்தேன். டிஸ்க்கைக் கூண்டுக்குள் தள்ளினேன். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மேலே தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். விரல் போகவில்லை.

டிஸ்க்குக்கும் அதற்கு மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும் இடம்தான் இருந்தது. நான் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். அதுவும் போகவில்லை.

பழைய டிஸ்க் மேசையில் கிடந்தது. அதன் மேல் வட்டமாக, கொஞ்சம்கூடக் கலையாமல், நடுவில் குங்குமத்துடன் பொட்டு. மூடியைத் திறந்தாலும் லெட்சுமி அதை அங்கே வைத்திருக்க முடியாது. யாராலும் முடியாது. டிஸ்க்கை ஸ்க்ரூ கழற்றி வெளியே எடுத்து வைத்தால்தான் முடியும். அந்தப் பெட்டியிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுக்கிற ஆள் ஜார்ஜ் டவுனில் நான் ஒருவன்தான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம் நூல் தூசி எடுக்க அந்த மெஷின் என் கடைக்கு வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். எல்லாவற்றையும் பிரித்து மேசையில் பரப்பியிருந்தேன். நம் கடையில் பூசை எப்படி என்று உங்களுக்கே தெரியும். அன்று மேசையில் எது கிடக்கிறதோ அதற்கெல்லாம் பொட்டு. ஸ்க்ரூ டிரைவருக்கு, மீட்டருக்கு, பற்றவைக்கும் கம்பிக்கு, வாடிக்கையாளரின் பொருளுக்கும் சேர்த்து. பக்கத்துக் கடைச் சீனர் கடலை வாங்க வரும்போது, "என் ரேடியோவுக்கும் வை" என்று கொடுத்துவிட்டுப் போவார். பொருள் நம்மிடம் இருக்கும்போது பூசை வந்தால் அது நம் பிள்ளை மாதிரி என்று பெருமையாகச் சொல்வேன். டிஸ்க்கின் மேல் முகம் பளபளவென்று இருக்கும், பொட்டு வைக்க வாகான இடம். சந்தனத்தைப் பன்னீரில் தாராளமாகக் குழைத்து நானேதான் வைத்தேன். மறுநாள் மாட்டி மூடி அனுப்பிவிட்டேன். அது அங்கே போன பிறகுதான் லெட்சுமி மூடியின் மேல் தன் பொட்டை வைத்திருப்பார்.

டிஸ்க் செத்ததற்கு அந்தப் பொட்டுதான் காரணமா என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. டிஸ்க் ரொம்பப் பழசு. அது தானாகவே போயிருக்கலாம். சந்தனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த டிசம்பரில் அது நின்றிருக்கலாம். அதாவது, எனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒரு காரணத்தை, செய்யாத ஒருவர் தலையில், கடை நிறைய ஆட்கள் முன்னால், இரண்டு மொழியில் போட்டிருக்கிறேன். அவர் செய்யவில்லை என்பதற்கான ஆதாரத்தையும் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே பேசியிருக்கிறேன். ஒரு நிமிடம் அந்தக் கூண்டைப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். துணியில் கொஞ்சம் தின்னர் ஊற்றி அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது. துடைத்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. டிஸ்க் சுத்தமாக இருந்தது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. லெட்சுமிக்கு வேறு வேலை கிடைக்கும், இந்தக் காலத்தில் கை வேலை தெரிந்தவர்களைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரோசலின் அக்காவே சமாதானமாகிக் கூப்பிட்டுவிடுவார் என்றும் சொல்லிக்கொண்டேன். அதையெல்லாம் சொல்லிக்கொண்டபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனேன். தையல் மெஷின் முன்னால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்து நூல் கோர்க்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டதும் சின்னங்கள் வரிசையாகத் திரையில் வந்தன. ரோசலின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் அன்னிக்கி வந்து அதக் கண்டுபிடிக்கலன்னா, அவ அடுத்த வருசமும் வச்சிருப்பா இல்லண்ணே" என்றார்.

"அக்கா, அந்த டிஸ்க்கு பழசுதான். எப்பிடியும் ஒரு நாளைக்கிப் போயிருக்கும்" என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். "வயருக்கும் ஒரு காலம் இருக்கு, டிஸ்க்குக்கும் ஒரு காலம் இருக்கு" என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். நான் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் அவர் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று தெரிந்தது.

"அந்தப் பொட்ட வச்சது நான்தான்க்கா. பூச அன்னிக்கி மெசின் என் கடையில பிரிச்சிக் கெடந்துச்சி. லெட்சுமி வைக்கல. அவங்களால வைக்கவும் முடியாது."

ரோசலின் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். புதிதாக வந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"என்ன லாண்ணே நீங்க" என்றார் ரோசலின் அக்கா. "அவ அழுதுகிட்டே போனா. எத்தன வருசம் எங்கூட இருந்தவ. நானும் ஒரு வார்த்த கேக்கல பாருங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். உடனே போனை எடுத்து லெட்சுமியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை அடித்தபோது அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். நான் நேரில் போகிறேன் என்று முகவரியை வாங்கிக்கொண்டேன்.

மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரை போனேன். வழியில் ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். சுங்கை பாக்காப்பில் லெட்சுமி இருக்கும் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தபோது, பழப்பை முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி இதை எதற்கு வாங்கினேன் என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை வண்டியை மெதுவாக்கினேன்.

லெட்சுமிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். இன்னும் எதற்கோ நஷ்டம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, டிஸ்க்கு சரியாயிருச்சா? ஸ்கூல் சின்னமெல்லாம் கெடச்சிருச்சா?"

அதுதான் அவர் முதலில் கேட்டது.

"கெடச்சிருச்சும்மா."

"நல்ல வேள. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருந்தேன்."

வாசலில் நின்றபடியே சொன்னேன். பொட்டு வைத்தது நான், மெஷின் என் கடையில் பிரிந்துகிடந்தது, அந்த இடத்தில் விரலே போகாது, அன்றைக்கு யோசிக்காமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். லெட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நான் வைக்கலியாண்ணே?"

எனக்குப் புரியவில்லை. வைக்கவில்லை என்று கடையில் அவர்தானே சொன்னார்?

"வைக்கலன்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க படிச்சவங்க, அவ்ளோ உறுதியாச் சொன்னீங்க. ஒருவேள என்னிக்காவது நீங்க மூடியத் தொறந்து வச்சிருந்தப்ப, ஞாபகம் இல்லாம வச்சிட்டேனோன்னு இத்தன நாளா யோசிச்சிக்கிட்டே இருக்கேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வர்ல."

தம்பிமார்களே, நான் அவருடைய வேலையைத்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் தன் கையையே நம்ப முடியாமல் செய்திருக்கிறேன் என்று அந்த வாசலில்தான் தெரிந்தது. பழப்பையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"உள்ள வாங்க. இதையே என் மாமியார்கிட்ட சொல்லுங்க" என்றார்.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். மருமகள் கை பட்டுத்தான் கம்ப்யூட்டர் கெட்டது, கை ராசி இல்லாதவள் என்று அந்த அம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரிடம் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போது கணவர் வேலை முடிந்து வந்தார். லெட்சுமி அவரிடமும் சொல்லச் சொன்னார். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, "இத அங்க வச்சே பாத்திருக்கலாம் இல்லண்ணே" என்றார். பார்த்திருக்கலாம் என்றேன்.

"பக்கத்து வீட்டு அக்கா" என்றார் லெட்சுமி.

அங்கேயும் போனோம். பக்கத்து வீட்டு அக்காவின் தங்கை பட்டர்வொர்த்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். லெட்சுமிக்கு அங்கே வேலை கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கெடுத்தவரா என்று அந்தக் கடையில் கேட்டார்களாம். பேச்சு அதோடு நின்றுவிட்டது. வேலி ஓரம் நின்று அந்த அக்காவிடமும் முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவை சொன்னபோது 'டிஸ்க் பழசுதான்' என்று நடுவில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன். நாலாவது தடவை அது தானாகவே உதிர்ந்துபோயிருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. லெட்சுமி பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வேலைக்குப் போன இடத்தில் என்ன கெட்டுப்போயிற்று என்று மட்டும் சொல்லுங்கள். யார் கெடுத்தார்கள் என்று அவர்கள் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். நாம் பெட்டிக்குள் பார்க்கிறோம், அவர்களால் பார்க்க முடியாது. அதனால் நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் சேர்ந்து நம்பிவிடுகிறார். சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டுமானால், அது எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் நீங்கள் நடக்க வேண்டும். அந்த மலாய்க்காரப் பெண்மணியை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில் இன்னும் லெட்சுமிதான் அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவர்.

லெட்சுமி வேலைக்குத் திரும்பினார். உடனே இல்லை. ஜனவரியில் பள்ளிகள் எல்லாம் திறந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, ரோசலின் அக்காவே சுங்கை பாக்காப் போய்க் கூட்டிவந்தார். கடையில் பழையபடி சிரிப்பும் பேச்சும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் செய்த தப்பை நானே சரி செய்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

சில மாதம் கழித்து, கம்ப்யூட்டரின் காற்றாடியை மாற்ற அந்தக் கடைக்குப் போனேன். மாற்றி முடித்து மூடியைப் போட்டேன். நான் பெட்டிக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். லெட்சுமி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"லெட்சுமி, அந்த சுவிட்சக் கொஞ்சம் அமுக்கும்மா" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். லெட்சுமி ஓரடி பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே போட்டுருங்கண்ணே" என்றார்.

ரோசலின் அக்கா உள்ளேயிருந்து, "அவ இப்பல்லாம் அந்தப் பெட்டியத் தொடுறதில்லண்ணே. காலையில நான் வந்துதான் சுவிட்சப் போடணும்" என்றார்.

நான் எழுந்து சுற்றி வந்து, லெட்சுமியின் முன்னால் கையை நீட்டி அந்த சுவிட்சை அமுக்கினேன்.